இழந்தவற்றின் பட்டியல்: ஹெடா மார்கோலியுஸின் குடும்பக் கதை

நல்லம்பள்ளியிலிருந்து தொப்பூர் கணவாய் இறங்கினால் சேலம் மத்திய சிறை சுமார் 55 கிலோமீட்டர். இன்று நல்லம்பள்ளி தருமபுரி மாவட்டத்தின் ஒரு வட்டம். 1950இல் தருமபுரி மாவட்டமே கிடையாது. கணவாய்க்கு மேலேயும் கீழேயும் எல்லாம் சேலம் ஜில்லாதான். அந்த ஆண்டு பிப்ரவரி 11ஆம் தேதி அந்தச் சிறைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். பெரும்பாலோர் மலபார்க்காரர்கள். நாலரை மாதம் கழித்து, ஜூன் 27 விடியற்காலை, செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரில், பங்க்ராட்ஸ் சிறையில் மிலடா ஹொராகோவா என்ற 48 வயதுப் பெண்ணைத் தூக்கில் போட்டார்கள். போட்டது கம்யூனிஸ்ட் அரசு.

இந்த இரண்டில் முதலாவதைத்தான் தமிழ்நாடு நினைவில் வைத்திருக்கிறது. இங்கே கம்யூனிஸ்ட் என்றால் தலைமறைவு, வீட்டுச் சோதனை, அடி, வழக்கு. தருமபுரிப் பக்கத்து ஊர்களில் 1980களின் நக்சல் வேட்டையை இன்றும் திண்ணையில் பேசுவார்கள். ஆகவே அதே கட்சி ஆட்சிக்கட்டிலில் ஏறிய நாட்டில் நள்ளிரவில் கதவைத் தட்டியது யார் என்பதை இங்கே யாரும் அதிகம் விசாரித்ததில்லை. எந்தக் கொடி பறந்தாலும் கதவைத் திறந்தவர் பெரும்பாலும் வீட்டுப் பெண். அப்படிக் கதவைத் திறந்தவர்களில் பிராக்கைச் சேர்ந்த ஹெடா மார்கோலியுஸ் கோவாலி விட்டுச்சென்ற வாக்குமூலத்தைப் போல் தெளிவானது அபூர்வம். முதலில் ஹிட்லரின் ஆட்கள் அவர் குடும்பத்தை அழித்தார்கள். பிறகு அவர் கட்டியெழுப்பிய குடும்பத்தை, அவரும் அவர் கணவரும் நம்பிச் சேர்ந்த கட்சியே அழித்தது.

ஹெடா 1919 செப்டம்பர் 15 அன்று பிராக்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த வீட்டுப் பெயர் ப்ளோகோவா. செக் பெண்களின் பெயரில் ‘ஓவா’ என்று ஒரு வால் உண்டு: ஹொராக்கின் மனைவி ஹொராகோவா. கணவன் பெயர் மனைவியோடு இப்படி ஒட்டிக்கொள்வது பின்னால் ஹெடாவுக்கு எவ்வளவு பெரிய பாரமாக ஆனது என்பதைப் பார்க்கப் போகிறோம். 1939 மார்ச் 15 அன்று ஜெர்மன் படை பிராக்குக்குள் நுழைந்தது. அதே ஆண்டில் ருடால்ஃப் மார்கோலியுஸ் என்ற இளம் வழக்கறிஞரை அவர் மணந்தார்.

1941 செப்டம்பர் இறுதியில் ரைன்ஹார்ட் ஹெய்ட்ரிக் பிராக்கை ஆளும் நாஜி அதிகாரியாக வந்து இறங்கினான். மூன்று வாரம்கூட ஆகவில்லை, யூதர்களை ஏற்றிய ரயில்கள் போலந்தின் வூட்ச் நகர கெட்டோவுக்குக் கிளம்பின. ஐந்து ரயில்கள்; சுமார் 5,000 பேர். ஹெடா, ருடால்ஃப், ஹெடாவின் பெற்றோர் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் அடக்கம். கெட்டோவில் மூன்று ஆண்டுகள் பட்டினி. 1944இல் கெட்டோவைக் காலி செய்து ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். ரயிலடியில் வரிசை இரண்டாகப் பிரிந்தது. ஹெடா ஒரு பக்கம் போனார். அப்பாவும் அம்மாவும் திரும்பவில்லை.

வேலைக்கு லாயக்கு என்று ஒதுக்கப்பட்டவர்களோடு அவரைக் கிறிஸ்டியான்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 1945 தொடக்கத்தில் செஞ்சேனை நெருங்கவே, கைதிகளைப் பனியில் மேற்கே நடத்திக்கொண்டு போனார்கள். அந்த நடையில்தான் அவரும் சில பெண்களும் நழுவி ஓடினார்கள். அப்படித் தப்பியவர் கால்நடையாகவும் ஒளிந்தும் பிராக் வந்து சேர்ந்தது ஒரு சாகசக் கதை. வந்த பிறகு நடந்தது அப்படியில்லை. யூதருக்கு இடம் கொடுத்தால் வீட்டோடு சுட்டுவிடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். பழைய நண்பர்கள் கதவைத் திறந்தார்கள், முகம் வெளுத்தார்கள், ஒரு ராத்திரிகூட முடியாது என்றார்கள். சிலர் மட்டும் துணிந்து மாற்றி மாற்றி ஒளித்து வைத்தார்கள். ஹெடா இந்தப் பயத்தைப் பிற்காலத்தில் கோபத்தோடு எழுதவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. இதே கதவுகள் ஏழு வருஷம் கழித்து மறுபடி சாத்தப்பட்டன என்பதால் இது முக்கியம்.

ருடால்ஃபும் பிழைத்தார். ஆஷ்விட்ஸும் டாஹாவ் முகாமும் கடந்து வந்தவர். 1945 கோடையில் இருவரும் சந்தித்துக்கொண்டார்கள். குடும்பத்தில் மிச்சம் என்று சொல்ல அவர்கள் இருவர்தான். 1947இல் மகன் இவான் பிறந்தான்.

இங்கே ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. இவ்வளவும் பட்டவர்கள் ஏன் கட்சியில் சேர்ந்தார்கள்? விடை அந்நாளைய செக் மக்களுக்கு வெளிப்படையாக இருந்தது. 1938இல் மியூனிக்கில் பிரிட்டனும் பிரான்சும் அவர்கள் நாட்டின் ஒரு பகுதியை ஹிட்லருக்குத் தூக்கிக் கொடுத்தன. பிராக்குக்குள் வந்து விடுவித்தது சோவியத் படை. முகாம்களில் யார் உறுதியாக நின்றார்கள் என்று கேட்டால், கம்யூனிஸ்ட் கைதிகளின் பெயரைச் சொன்னவர்கள் ஏராளம். 1946 தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி நாடு முழுவதும் 38 சதவீத வாக்கு வாங்கியது. துப்பாக்கி முனையில் அல்ல, வாக்குப்பெட்டியில். ருடால்ஃப் முழு நம்பிக்கையோடு சேர்ந்தார். ஹெடா கணவர் பின்னால் போனார், மனத்தில் ஒரு மூலையில் சந்தேகத்தை வைத்துக்கொண்டு. அந்தச் சந்தேகத்தை அவர் பெரிய ஞானமாகக் காட்டிக்கொள்வதில்லை என்பது அவருடைய நேர்மை. ஏமாந்தோம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாமல், ஏமாற ஏன் விரும்பினோம் என்று எழுதியவர் அவர்.

1948 பிப்ரவரி 25 அன்று ஆட்சி முழுவதும் கட்சியின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ருடால்ஃப் வெளிநாட்டு வர்த்தகத் துணை அமைச்சர். லண்டன் சென்று 1949 செப்டம்பரில் பிரிட்டனோடு ஒரு வர்த்தக ஒப்பந்தம் போட்டுவந்தார். நாட்டுக்கு அந்நியச் செலாவணி கிடைத்தது, பாராட்டும் கிடைத்தது. வால்டாவா ஆற்றைப் பார்த்த லெட்னா பகுதி வீடு, அரசாங்கக் கார். ஆனால் ஹெடாவின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த வாழ்வின் நிறம் வேறு. கணவர் நள்ளிரவு வரை அலுவலகத்தில். பொதுமக்கள் கூப்பன் அட்டையோடு கடைவாசலில் கால் கடுக்க நிற்கும்போது மேல்மட்டக் குடும்பங்களுக்குத் தனி வசதி. அதை அனுபவிக்கக் கூச்சம், மறுத்தால் சந்தேகம். பழைய நண்பர்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்தார்கள். பதவியை விட்டுவிடுங்கள் என்று ஹெடா கெஞ்சியதும், இப்போது நேர்மையானவர்கள் விலகினால் யார் இருப்பார்கள் என்று ருடால்ஃப் சொன்னதும் நம் வீடுகளில் நடக்கும் வாக்குவாதம் போலத்தான் இருக்கிறது.

1952 ஜனவரி 10. ருடால்ஃப் அன்று வீடு திரும்பவில்லை. ஆட்கள் வந்து வீட்டைக் குடைந்தார்கள். இவானுக்கு அப்போது நான்கு வயது.

ஏன் ருடால்ஃப்? ஆளைப் பார்த்து எடுத்த முடிவாகத் தெரியவில்லை. வழக்குக்கு ஒரு வர்த்தக அதிகாரி தேவைப்பட்டார். ஸ்டாலினின் கடைசி ஆண்டுகளில் கிழக்கு ஐரோப்பிய நாடு ஒவ்வொன்றும் தன் கட்சிக்குள்ளேயே ஒரு சதிக்கும்பலைக் கண்டுபிடித்துக் காட்ட வேண்டியிருந்தது. செக்கோஸ்லோவாக்கியாவில் அதற்குத் தலைவனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த ருடால்ஃப் ஸ்லான்ஸ்கி. எத்தனையோ பேரை இதே வழியில் உள்ளே தள்ளியவர் அவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 14 பேர்மீது வழக்கு. அவர்களில் 11 பேர் யூத வம்சம் என்று குற்றப்பத்திரிகையே குறிப்பிட்டது. லண்டனில் போட்ட அந்த ஒப்பந்தம் இப்போது நாட்டைக் காட்டிக்கொடுத்த நாசவேலை ஆனது.

நவம்பர் 20 முதல் 27 வரை விசாரணை வானொலியில் ஒலித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் தங்கள் ஒப்புதல் வாக்குமூலத்தை, பள்ளிப்பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல், மாதக்கணக்கில் மனப்பாடம் செய்திருந்தார்கள். ஹெடா அப்போது கடுமையான நோயில் கிடந்தார். இன்னாரின் மனைவி என்று தெரிந்ததும் மருத்துவமனையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். காய்ச்சலோடு படுக்கையில் கிடந்தபடி வானொலியில் கணவர் குரலைக் கேட்டார். குரல் அவருடையதுதான், ஏற்ற இறக்கமே இல்லாமல், ஒவ்வொரு பொய்யாக, சீராக வந்துகொண்டிருந்தது.

இந்த வழக்கின் உண்மையான கொடுமை கூண்டில் நின்ற 14 பேரோடு முடியவில்லை. தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் கூட்டம் போட்டு, மரண தண்டனை கொடுங்கள் என்று ஆயிரக்கணக்கில் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரான லுத்விக் ஃப்ரெய்காவின் பதின்ம வயது மகன் தோமாஷ், தன் தகப்பனுக்கு மரண தண்டனை வேண்டும் என்று எழுதிய கடிதம் கட்சி நாளேடான ரூடே ப்ராவோவில் வந்தது. கூண்டில் நின்ற இன்னொருவரான ஆர்தர் லண்டனின் மனைவி லீஸ், கணவரின் ‘வாக்குமூலத்தை’ நம்பி, அவரைக் கண்டித்து ஜனாதிபதி க்ளெமென்ட் கோட்வால்டுக்கே எழுதினார். உண்மை விளங்கியதும் மனம் மாறிக் கணவர் பக்கம் உறுதியாக நின்றவரும் அவர்தான். மகன் கையாலும் மனைவி கையாலும் கையெழுத்து வாங்கிவிட்டால் அரசுக்கு வேறு சாட்சி எதற்கு? ஹெடாவிடம் அந்தக் கையெழுத்து கிடைக்கவில்லை.

11 பேருக்குத் தூக்கு, 3 பேருக்கு ஆயுள். கருணை மனுக்களை கோட்வால்ட் நிராகரித்தார். டிசம்பர் 2 இரவு ஹெடாவைச் சிறைக்கு அழைத்துப்போய்க் கம்பி வலைக்கு இந்தப்பக்கம் நிறுத்தினார்கள். விரல் நுனிகூடத் தொட அனுமதி இல்லை. மறுநாள் விடிவதற்குள் எல்லாம் முடிந்தது. உடல்களை எரித்துச் சாம்பலைச் சாக்கில் கட்டிக் காரில் ஏற்றிப்போனவர்கள், பிராக்குக்கு வெளியே பனி உறைந்த சாலையில் சக்கரம் வழுக்கவே, அதைச் சக்கரத்தடியில் கொட்டினார்கள். இது 1968இல்தான் அச்சில் வந்தது.

அடுத்து வந்தது ஹெடாவின் தண்டனை. அதற்கு நீதிமன்றம் தேவைப்படவில்லை. வேலை போயிற்று. வீட்டைக் காலி செய்யச் சொல்லி, ஈரம் கசியும் சிறு இருப்பிடத்துக்குத் தாயையும் பிள்ளையையும் அனுப்பினார்கள். பொருள்களைப் பறிமுதல் செய்தார்கள். எங்கே வேலை கேட்டாலும் பெயரைக் கேட்டதும் இல்லை என்றார்கள். செக்கோஸ்லோவாக்கியாவில் ஒவ்வொருவருக்கும் ‘காடர்’ கோப்பு ஒன்று உண்டு. பிறப்பு, வர்க்கம், உறவினர், நடத்தை எல்லாம் அதில். ஒரு வீட்டுக்காரர் எப்படி என்று அதே கட்டடத்தில் குடியிருப்பவரைக் கேட்டு எழுதிவைத்தார்கள். பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகலாம், மேல்படிப்பு உண்டா என்பதையும் அந்தக் கோப்புதான் சொல்லும். வேலை கொடுக்க யாரும் தயாரில்லை. வேலையில்லாமல் இருந்தால் உழைப்பவரை உறிஞ்சிப் பிழைக்கிறவர் என்ற பழி. 1956இல் அந்தப் பழி குற்றவியல் சட்டத்திலேயே ஒரு பிரிவாக ஏறியது.

1953 ஜூனில் பண மாற்றம் வேறு வந்தது. தலைக்கு 300 கொருனா வரை ஐந்துக்கு ஒன்று. அதற்குமேல் கையில் இருந்ததெல்லாம் ஐம்பதுக்கு ஒன்று. 2016 நவம்பரில் ஏடிஎம் வாசலில் நின்ற நம் ஆட்களுக்கு அந்தப் பதற்றம் புரியும். ஆனால் இங்கே பழைய நோட்டைக் கொடுத்தால் அதே மதிப்புக்குப் புது நோட்டு வந்தது. அங்கே சேமிப்பே கரைந்தது. பில்சன் நகரத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள், தொழிலாளர் அரசுக்கு எதிராக.

ஹெடா இந்த நாட்களைக் கண்ணீரும் கம்பலையுமாக எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அவர் எழுதுவது அடுப்பு, விறகு, காய்ச்சல், ஒருவேளைச் சாப்பாடு, தெருவில் தெரிந்தவர் எதிரே வந்து சட்டென்று அடுத்த பக்கம் கடந்துபோவது. சாவைவிட இந்தச் சில்லறை விஷயங்கள்தான் ஆட்சியின் அடையாளத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. நாஜிகள் குடும்பத்தை ரயிலில் ஏற்றிக் கொன்றார்கள். இவர்கள் குடும்பத்தை உயிரோடு விட்டுவிட்டு, அதைச் சுற்றியிருந்த அண்டை அயலை, நட்பை, வேலையை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. ஹெடாவே அப்படி வைக்கவில்லை. ஆனால் அந்தச் சாத்தப்பட்ட கதவுகள் அவருக்கு இரண்டிலும் ஒன்றுபோலத்தான் கேட்டிருக்கும்.

மகனிடம் என்ன சொல்வது? அப்பா வெளிநாட்டில் இருக்கிறார். பிறகு, அங்கேயே இறந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் துரோகியின் மகன் என்று பிள்ளை கேட்டுவிடக் கூடாதே என்ற கவலையில் கட்டிய பொய் அது. பதின்ம வயதில்தான் இவானுக்கு உண்மை தெரிந்தது.

மிலடா ஹொராகோவாவின் மகள் யானாவுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. மிலடா நாஜிகளிடம் 1940 முதல் ஐந்தாண்டு சிறை இருந்தவர், நாடாளுமன்ற உறுப்பினர். 1949 செப்டம்பர் 27 அன்று அவரைக் கைது செய்தபோது கணவர் பொஹுஸ்லாவ் நழுவி, பின்னர் எல்லை கடந்தார். சித்தி வீட்டில் வளர்ந்த யானா, தூக்குக்கு முந்தைய இரவு தாயைப் பார்த்தபோது வயது 16. ஐன்ஸ்டைனும் சர்ச்சிலும் உயிர்ப்பிச்சை கேட்டும் பலன் இல்லை. சிறையில் மிலடா எழுதிய கடைசிக் கடிதங்களை அரசு கோப்பில் வைத்துப் பூட்டியது. குடும்பத்தின் கைக்கு வந்தது 1990இல். தந்தையோடு போய்ச் சேர யானாவுக்கு 1968 வரை அனுமதி கிடைக்கவில்லை. இந்த வீட்டிலும் தண்டிக்கப்பட்டவர்கள் மூவர். தீர்ப்பில் இருந்த பெயர் ஒன்று.

ஹெடா 1955இல் பவெல் கோவாலி என்ற தத்துவ ஆசிரியரை மணந்தார். துரோகியின் விதவையைக் கட்டியதற்காக அவருடைய வேலையும் பறிபோயிற்று. ஆனாலும் ஹெடாவுக்கு ஒரு புதுப் பெயர் கிடைத்தது. பெயரின் பாரம் இவ்வளவு என்று தெரிந்தவருக்கு அது சின்ன விஷயமல்ல. மொழிபெயர்ப்பில் இறங்கினார். ஆரம்பத்தில் கணவர் பெயரிலும் பிறர் பெயரிலும்தான் அச்சாக முடிந்தது. ரேமண்ட் சாண்ட்லர், சால் பெல்லோ, ஃபிலிப் ராத் என்று அவர் செக் மொழிக்குக் கொண்டுவந்தவர்களின் வரிசை நீளம். சாண்ட்லரின் துப்பறியும் நடை அவரைப் பிடித்துக்கொண்டது. 1985இல் தாமே ஒரு துப்பறியும் நாவல் எழுதினார். ஸ்டாலின் காலப் பிராக்கில் நடக்கும் கதை. எல்லாரும் எல்லாரையும் வேவு பார்க்கும் ஊரில் துப்பறிவாளனுக்குப் பஞ்சமா என்ன.

1963இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. ருடால்ஃப் குற்றமற்றவர் என்பதைச் சத்தமில்லாமல், ஊருக்குச் சொல்லாமல், குடும்பத்துக்கு மட்டும் சொன்னார்கள். இழப்பீடு தருகிறோம், இழந்தவற்றைப் பட்டியல் போட்டுக் கொடுங்கள் என்றார்கள். அதிகாரிகள் எதிர்பார்த்தது சாமான் கணக்கு: நாற்காலி இத்தனை, துணிமணி இத்தனை. ஹெடா பட்டியல் போட்டார். குழந்தைக்குத் தகப்பன். தனக்குக் கணவன். மானம், உடல்நலம், வேலை, நீதியின் மேலும் கட்சியின் மேலும் இருந்த நம்பிக்கை. சொத்து என்ற வரி கடைசியில் வந்தது. அரசின் படிவத்தை அரசின் முகத்திலேயே திருப்பிப் பிடித்த காரியம் அது. ருடால்ஃபுக்கு 1968இல் மரணத்துக்குப் பின் குடியரசின் விருதும் கொடுத்தார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று சோவியத் டாங்கிகள் பிராக்கில் நின்றன. இவான் ஏற்கெனவே 1966 முதல் லண்டனில். ஹெடா நாட்டை விட்டு வெளியேறி அமெரிக்காவில் குடியேறினார். ஹார்வர்ட் சட்டப் பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தார். அந்த வெளியேற்றத்தில் தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு. சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்துக் கற்பித்த கமில் சுவலபில், மனைவி மக்களோடு பிராக்கை விட்டதும் அந்த ஆண்டுதான். முருகனின் பெயர் தாங்கிய அவரது புகழ்பெற்ற இலக்கிய வரலாறு 1973இல் வெளியானது. ஹெடாவின் நினைவுக் குறிப்புகள் முதலில் வெளிவந்ததும் அதே 1973இல். செக் மூலம் அச்சானது டொரன்டோவில், யோசெஃப் ஷ்க்வோரெட்ஸ்கி தம்பதி நடத்திய அகதிப் பதிப்பகத்தில். சுவலபிலை நாம் அறிஞராக மட்டுமே கொண்டாடுகிறோம். அவர் வீட்டிலும் பெட்டி கட்டிய ஓர் இரவு இருந்திருக்கும்; 16 வயதில் ஊரைப் பிரிந்த மகன் மாரெக், பின்னாளில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தொல்லியல் பேராசிரியர் ஆனார்.

ஹெடா 1996இல் பிராக் திரும்பி, 2010 டிசம்பர் 5 அன்று 91ஆம் வயதில் அங்கேயே காலமானார். கணவரின் தூக்கு நாள் கழிந்து இரண்டு நாள்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2018இல், பிராக்குக்கு வடக்கே பானென்ஸ்கே ப்ரெஷானி என்ற ஊரில், மூடிக்கிடந்த ஒரு தொழிற்கூடத்தில் சில பெட்டிகள் அகப்பட்டன. ஸ்லான்ஸ்கி விசாரணையின் படச்சுருள்களும் ஒலிநாடாக்களும் அவற்றில் இருந்தன. 1942இல் ஹெய்ட்ரிக் குடியிருந்த ஊர் அது. ருத் ஸில்பர்மான் அந்தச் சுருள்களைக் கொண்டு 2022இல் ஆவணப்படம் எடுத்தார். கட்டடக் கலைஞராகி லண்டனிலேயே தங்கிவிட்ட இவான், எழுபது வயதுக்கு மேல், தன் வயதில் ஏறத்தாழப் பாதியே ஆன அப்பா எழுந்து நின்று ஒலிவாங்கிக்கு முன்னால் மனப்பாடம் ஒப்பிப்பதை அதில் பார்த்தார்.